எத்தனை அறை வீடு? எப்படிப்பட்ட தெரு?

சென்ற தை மாதத்தில் ஒரு நண்பரின் கிரகப்பிரவேசத்துக்குப் போயிருந்தேன். சென்னைக்குத் தெற்கே, பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டி எழும்பியிருக்கும் பதினான்கு மாடிக் கட்டடம். லிஃப்டில் ஏறினால் காதடைக்கும் வேகம். பளபளவென்று பளிங்குத் தரை. குழாயைத் திறந்தால் தண்ணீர். இதற்குமேல் ஒரு மனிதனுக்கு என்ன வேண்டும் என்று நினைத்துக்கொண்டே பாயசத்தைச் சாப்பிட்டு முடித்தேன்.

நண்பரின் தாயார் கும்பகோணத்திலிருந்து வந்திருந்தார். எழுபது வயதைத் தாண்டிய அம்மாள். ஜன்னலோரமாக நின்று வெளியே பார்த்துக்கொண்டிருந்தவர், என்னைக் கண்டதும் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்:

"ஏம்ப்பா, நானும் விடியற்காலையிலிருந்து பார்க்கிறேன். இவ்வளவு பெரிய கட்டடத்தில் ஒரு குழந்தை அழுகிற சத்தம்கூடக் கேட்கவில்லையே! என்னை மாதிரி ஒரு கிழவியையும் காணோம். எல்லோரும் எங்கே போய்விட்டார்கள்?"

யாரும் எங்கும் போய்விடவில்லை. அவர்கள் அங்கே வரவே இல்லை. காரணம் மிகவும் சாதாரணமானது. அந்தப் பதினான்கு மாடியிலும் இருப்பவை ஒரே அச்சில் வார்த்த ஒரு படுக்கையறை வீடுகள். அலுவலகத்துக்குப் போகும் பிரம்மசாரிகள், புதிதாகக் கல்யாணமான ஜோடிகள், வாடகைக்கு விடுவதற்காக வாங்கிப் போட்டுவிட்டு வெளியூரில் இருப்பவர்கள். இவர்களுக்குத்தான் அந்த வீடுகள் பொருந்தும். இரண்டாவது குழந்தை பிறந்தால் ஜாகை மாற்ற வேண்டும். ஊரிலிருந்து அம்மா வந்தால் ஹாலில் படுக்க வேண்டும்.

நண்பரின் தாயாரும் ஹாலில்தான் படுத்தார். நாலாவது நாள், "பூஜைக்கு வைத்த துளசிச் செடி ஊரில் வாடிப் போய்விடும்" என்று சொல்லிவிட்டு ரயிலேறிவிட்டார். துளசிச் செடி வெறும் சாக்கு என்பது எல்லோருக்கும் தெரியும்.

இந்தச் சிறு சம்பவம் என் மனத்தில் ஒரு பெரிய கேள்வியைப் போட்டுவிட்டது. நேயர்களே! நாம் ஒரு பிளாட் வாங்கப் போகும்போது என்னென்ன கேட்கிறோம்? வாசல் கிழக்கா வடக்கா, சதுர அடி என்ன விலை, கார் நிறுத்த இடம் உண்டா, எத்தனை மணி நேரம் தண்ணீர் வரும், எல்லாம் கேட்கிறோம். "இந்தக் கட்டடத்தில் எத்தனை வீடு ஒரு படுக்கையறை, எத்தனை வீடு இரண்டு, எத்தனை வீடு மூன்று?" என்று மட்டும் கேட்பதில்லை. பி.எச்.கே. என்ற மூன்று எழுத்துக்களுக்கு முன்னால் நிற்கும் அந்தச் சின்ன எண், நமக்குப் பக்கத்து வீட்டில் யார் வரப்போகிறார்கள் என்பதையும், பத்து வருஷம் கழித்து அந்தத் தெரு எப்படி இருக்கும் என்பதையும் ஏறக்குறைய முடிவு செய்துவிடுகிறது.

"இது என்ன ஜோசியமா?" என்று நீங்கள் கேட்கலாம். ஜோசியம் இல்லை. ஒரு நாடு முழுவதுமே இதைச் செய்து பார்த்து, தவறு செய்து, திருத்திக்கொண்டிருக்கிறது. தமிழும் ஆட்சிமொழியாக உள்ள சிங்கப்பூர்தான் அது.

தீயில் பிறந்த வீடுகள்

சிங்கப்பூரில் வசிப்பவர்களில் நாலில் மூன்று பங்குக்கு மேற்பட்டவர்கள் அரசாங்கம் கட்டிய அடுக்குமாடி வீடுகளில் குடியிருக்கிறார்கள். அவற்றைக் கட்டுவது வீடமைப்பு வளர்ச்சிக் கழகம். அங்குள்ள தமிழர்கள் சுருக்கமாக 'வீவக' என்கிறார்கள். இன்று அந்தக் கழகத்தின் வீடுகள் பத்து லட்சத்துக்கு மேல். ஒவ்வொரு பேட்டையிலும் எத்தனை சிறிய வீடு, எத்தனை பெரிய வீடு என்பதை ஒரே கை தீர்மானிப்பதால், அதன் பலாபலன்களும் கண்ணாடிபோலத் தெளிவாகத் தெரிகின்றன.

கழகம் பிறந்தது 1960-ம் வருஷம் பிப்ரவரி 1-ம் தேதி. அதற்கு முன்பு ஆங்கிலேயர் காலத்து நகர அபிவிருத்தி அமைப்பு ஒன்று இருந்தது. அது 32 ஆண்டுகளில் கட்டிய வீடுகள் சுமார் 23,000. புதிய கழகமோ முதல் ஐந்து ஆண்டுகளிலேயே 50,000-க்கு மேல் கட்டிவிட்டது. அவ்வளவு அவசரம் ஏன்?

1961-ம் வருஷம் மே 25-ம் தேதி, ஹஜ்ஜுப் பெருநாள். புக்கிட் ஹோ சுவீ என்ற குடிசைப் பகுதியில் தீப்பற்றியது. அட்டப்பு ஓலைக் கூரைகளும் பலகைச் சுவர்களும் மடமடவென்று எரிந்தன. ஒரு நாளில் சுமார் 16,000 பேர் வீடிழந்தார்கள். அத்தனை பேருக்கும் கூரை வேண்டும், உடனே வேண்டும். இந்த நிலைமையில் வீட்டின் அழகைப் பற்றி யார் யோசிப்பது? ஓரறை, ஈரறை என்று கையடக்கமான வீடுகளை வரிசை வரிசையாகக் கட்டித் தள்ளினார்கள். எட்டுப் பேர் உள்ள குடும்பமும் அந்த அறைக்குள் அடங்கியாக வேண்டும். நடைபாதையே ஹாலாயிற்று, மாடிப்படியே பிள்ளைகள் படிக்கும் இடமாயிற்று.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். சிங்கப்பூரில் 'மூவறை வீடு' என்றால் மூன்று படுக்கையறை என்று அர்த்தமில்லை. ஹாலையும் சேர்த்து எண்ணுவது அவர்கள் வழக்கம். ஆகவே மூவறை வீட்டில் படுக்கையறை இரண்டு; நாலறை வீட்டில் மூன்று.

வீடுகளுக்கும் வயதாகும்

கையில் காசு வந்ததும் ஜனங்களுக்கு இடம் தேவைப்பட்டது. 1970களிலும் 80களிலும் வீடுகள் பெரிதாகிக்கொண்டே போயின. நாலறை, ஐயறை வீடுகள் எழும்பின. 'இனி யாருக்கு வேண்டும் இந்தக் குருவிக்கூடு?' என்று ஓரறை, ஈரறை வீடுகள் கட்டுவதையே நிறுத்திவிட்டார்கள். பிறகு மூவறை வீடுகளும் நின்றன. எல்லாம் வளர்ச்சியின் அடையாளம்தான். ஆனால் இதில் ஒரு சூட்சுமம் மறைந்திருந்தது.

ஒரு புதிய பேட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லா வீடுகளும் ஒரே சமயத்தில் கட்டியவை. பெரும்பாலும் ஒரே அளவு. அவற்றை வாங்க வருகிறவர் யார்? முப்பது வயது ஜோடிகள். கையில் ஒரு குழந்தை, மனத்தில் இன்னொரு குழந்தை. முதல் பத்து வருஷம் பேட்டை கலகலவென்று இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் இடம் கிடைப்பதில்லை. விளையாட்டு மைதானத்தில் ஊஞ்சலுக்குச் சண்டை. மாலையில் புளோக்கின் கீழ்த்தளம் முழுவதும் சைக்கிள் விடும் சிறுவர்கள்.

இருபத்தைந்து வருஷம் உருண்டோடுகிறது. அந்தச் சிறுவர்களுக்குக் கல்யாணம் ஆகிறது. பெற்றோருக்குப் பக்கத்திலேயே குடியிருக்க ஆசைதான். ஆனால் அந்தப் பேட்டையில் புதுக் குடித்தனத்துக்கு ஏற்ற புதிய வீடு இல்லை. கிழவரும் கிழவியும் சிறிய வீட்டுக்கு மாறிக்கொண்டு பெரிய வீட்டைக் காலி செய்யலாம் என்றால், அதற்கும் பேட்டைக்குள் சிறிய வீடு இல்லை. ஆகவே இளைஞர்கள் தீவின் வடகிழக்கு மூலையில் புதிதாக முளைத்த பொங்கோலுக்கும் செங்காங்குக்கும் போனார்கள். பழைய குவீன்ஸ்டவுனிலும் தோ பாயோவிலும் முதியவர்களின் பங்கு ஏறிக்கொண்டே போயிற்று. ஒருபுறம் பொங்கோல் போன்ற இளம் பேட்டைகளில் குழந்தைகள் காப்பகங்களுக்கு இடம் போதாமல் மிகப் பெரிய காப்பகங்களைக் கட்ட வேண்டியிருந்தது. மறுபுறம் பழைய பேட்டைகளில் பிள்ளைகள் குறைந்து, பள்ளிகளை ஒன்றோடொன்று இணைக்க வேண்டியிருந்தது.

ஒரே வயதில் நட்ட தென்னந்தோப்பு மாதிரிதான் இது. எல்லா மரமும் ஒன்றாகக் காய்க்கும். எல்லா மரமும் ஒன்றாகக் கிழடு தட்டும். நடுநடுவே இளங்கன்று வைக்கிறவனுடைய தோப்புத்தான் என்றும் தோப்பாக இருக்கும்.

தாத்தாவுக்கு ஒன்று, பேரனுக்கு ஒன்று

இந்தப் பாடத்தைச் சிங்கப்பூர்க்காரர்கள் படித்துக்கொண்டார்கள். 2000களின் நடுவில் மூவறை, ஈரறை வீடுகளை மறுபடியும் கட்டத் தொடங்கினார்கள். ஒரே பேட்டையில், பல சமயம் ஒரே திட்டத்தில், பல அளவு வீடுகளைக் கலந்து வைக்கலானார்கள்.

2013-ல் 'மூன்று தலைமுறை வீடு' வந்தது. சுமார் 115 சதுர மீட்டர்; நம் கணக்கில் ஏறக்குறைய 1,240 சதுர அடி. நாலு படுக்கையறை. அவற்றில் இரண்டுக்குத் தனிக் குளியலறை. ஒன்று மகனுக்கும் மருமகளுக்கும்; இன்னொன்று பெரியவர்களுக்கு. இரவு இரண்டு மணிக்குத் தாத்தா எழுந்து யாரையும் எழுப்பாமல் போய்வரலாம். இந்தச் சின்னச் சௌகரியத்தின் அருமை கூட்டுக் குடும்பத்தில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும்!

2015-ல் புது மாதிரியான ஈரறை வீடு வந்தது. 55 வயதைத் தாண்டியவர்கள் 99 ஆண்டுக் குத்தகைக்குப் பதிலாக, 15 முதல் 45 ஆண்டு வரைக்கும் மட்டும் எடுத்துக்கொள்ளலாம். ஆயுளுக்குத் தேவையான அளவு, அதற்கேற்ற விலை. கல்யாணம் செய்துகொள்ளாமல் 35 வயதைத் தாண்டியவர்களும் 2013 முதல் புதிய ஈரறை வீடு வாங்க அனுமதி பெற்றார்கள். அதே 2015-ல் இன்னொரு காரியமும் செய்தார்கள். பெற்றோருடனோ அவர்களுக்கு அருகிலோ குடியேறுவதற்காக, ஏற்கெனவே கட்டி ஒருவர் வசித்த வீட்டை வாங்குகிற குடும்பத்துக்கு அரசாங்கம் மானியம் கொடுக்கத் தொடங்கியது. 2018-ல் அதைச் சீரமைத்தபோது, பெற்றோருடன் ஒரே வீட்டில் இருந்தால் 30,000 வெள்ளி, நாலு கிலோமீட்டருக்குள் இருந்தால் 20,000 வெள்ளி என்று வகுத்தார்கள். 'சூடு ஆறாமல் ரசம் கொண்டுபோகும் தூரம்' என்று நம் பாட்டிமார் சொல்லக்கூடியதைத்தான் அவர்கள் நாலு கிலோமீட்டர் என்று எழுதிவிட்டார்கள் போலிருக்கிறது.

உட்லண்ட்ஸ் பகுதியில் 'கம்போங் அட்மிரல்டி' என்ற கட்டடம் இருக்கிறது. கம்போங் என்றால் மலாய் மொழியில் கிராமம். பெயருக்கேற்ப, கிராமத்தைச் செங்குத்தாக நிறுத்தி வைத்ததுபோன்ற அமைப்பு. முதியோருக்கென்று 104 சிறு வீடுகள். அதே கட்டடத்தில் உணவங்காடி, மருத்துவ நிலையம், முதியோர் பராமரிப்பு நிலையம், பக்கத்திலேயே குழந்தைகள் காப்பகம். 2018-ல் உலகக் கட்டடக் கலை விழாவில் ஆண்டின் சிறந்த கட்டடம் என்ற பட்டத்தை இது தட்டிக்கொண்டு வந்தது. ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். கட்டடத்தில் உள்ள வீடுகள் சிறியவைதான். ஆனால் அவற்றைச் சுற்றிலும் குடும்பங்கள் வாழும் பெரிய வீடுகள் நிறைந்த பேட்டை இருக்கிறது. முதியோர் காட்டில் விட்டதுபோல் ஒதுங்கிவிடவில்லை. சிறிய வீடு என்பதில் தவறே இல்லை. சிறிய வீடு மட்டுமே என்பதில்தான் வம்பு.

சுவர் கலந்தால் மனம் கலக்குமா?

சிங்கப்பூரில் எல்லாம் சுபமாக முடிந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. மிக ஏழைகளுக்கான ஓரறை, ஈரறை வாடகை வீடுகள் நெடுங்காலம் தனித் தனி புளோக்குகளாகவே நின்றன. புளோக் எண்ணைச் சொன்னாலே, 'ஓகோ, அங்கேயா?' என்று கேட்கும்படி ஆயிற்று. தியோ யூ யென் என்ற சமூகவியல் அறிஞர் இந்த வீடுகளுக்குப் பல ஆண்டுகள் போய்வந்து, அங்குள்ள வாழ்க்கையை 2018-ல் ஒரு புத்தகமாக எழுதினார். அந்தப் புத்தகம் நாட்டில் பெரிய விவாதத்தைக் கிளப்பிவிட்டது. வாடகை வீடுகளையும் சொந்த வீடுகளையும் ஒரே புளோக்கில் கலந்து கட்டும் முயற்சியைக் கழகமும் மேற்கொண்டது.

ஒரே லிஃப்டில் ஏறுவதால் மட்டும் சிநேகிதம் வந்துவிடாது என்பது வாஸ்தவந்தான். ஆனால் ஒரே லிஃப்டில் ஏறாமல் சிநேகிதம் வர வழியே இல்லை.

ஐந்து லட்சம் யென் வரி

இதே நோயை வேறு விதமாக அனுபவித்த இடம் ஜப்பானில் இருக்கிறது. டோக்கியோ நகரின் டோஷிமா வட்டாரம். இகெபுகுரோ என்ற பெரிய ரயில் நிலையம் உள்ள பகுதி. தனி ஆட்களுக்கான ஒற்றை அறை வீடுகளாகவே கட்டடக்காரர்கள் கட்டிக் குவித்தார்கள். அவற்றில் குடிவந்தவர்கள் இரண்டு வருஷம் இருப்பார்கள், போய்விடுவார்கள். தெருச் சங்கத்தில் சேருவதில்லை. பக்கத்து வீட்டுக்காரர் பெயர் தெரிவதில்லை. வட்டார நிர்வாகம் யோசித்துப் பார்த்து, 2004-ல் ஒரு விசித்திரமான வரியைப் போட்டது. குட்டி வீடுகளை அடுக்கும் புதுக் கட்டடங்களில், 30 சதுர மீட்டர்கூட இல்லாத ஒவ்வொரு வீட்டுக்கும், கட்டுகிறவர் 5 லட்சம் யென் கட்ட வேண்டும்!

2014-ல் ஜப்பானிய நிபுணர் குழு ஒன்று, இளம் பெண்களின் தொகை பாதிக்கும் கீழே போய், நாளடைவில் மறைந்துபோகக்கூடிய ஊர்கள் என்று 896 ஊர்களைப் பட்டியல் போட்டது. எல்லாம் பெரும்பாலும் பட்டிக்காடுகள். ஆனால் டோக்கியோவின் 23 வட்டாரங்களில் ஒரே ஒரு வட்டாரமும் அதில் இடம்பெற்றது, அது டோஷிமா. நெருக்கியடித்துக்கொண்டு ஜனங்கள் வாழும் இடம் மறைந்துபோகுமா என்று எல்லோரும் திகைத்தார்கள். ஜனம் இருந்தது, குடும்பம் வேரூன்றவில்லை. அதன் பிறகு பூங்காக்களைப் புதுப்பித்தார்கள். குழந்தைகள் காப்பகங்களைக் கூட்டினார்கள். 2024-ல் வந்த புதிய பட்டியலில் டோஷிமாவின் பெயர் இல்லை. வரி ஒன்றினாலேயே இது நடந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் வீட்டின் அளவில்தான் முதல் கவலை தொடங்கியது.

கனடாவில் வான்கூவர் நகரம் 2016-ல் வேறு வழியில் போயிற்று. நிலப் பயன்பாட்டை மாற்றிக் கட்டும் புதிய அடுக்குமாடிகளில், விற்பனைக்குள்ள வீடுகளில் நூற்றுக்கு 35 குடும்பங்களுக்கு ஏற்றவையாக இருக்க வேண்டும். அவற்றில் 10-ஆவது மூன்று படுக்கையறை வீடுகளாக இருக்க வேண்டும் என்று விதித்துவிட்டது.

நம் ஊரில்

'சட்டம் போட்டுத்தான் செய்ய வேண்டுமா? வேண்டியதைக் கட்டடக்காரர்களே கட்டமாட்டார்களா?' என்று கேட்கலாம். அவர்கள் பக்கத்து நியாயத்தையும் பார்க்க வேண்டும். சிறிய வீடு என்றால் மொத்த விலை குறைவு. வாங்க ஆள் அதிகம். வாடகைக்கு விட வாங்குகிறவர் அளவைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. பெரிய வீட்டை வாங்க வேண்டிய குடும்பமோ விலையைக் கேட்டு மயங்கி விழுகிறது. ஆகவே விற்கும் சரக்கை அவர்கள் கட்டுகிறார்கள். விற்றுவிட்டுப் போய்விடுகிறார்கள். தெருவோடு வாழ வேண்டியவர்கள் நாம்.

சென்னையில் நமக்கு இரண்டு பாடங்களும் உண்டு. வீட்டு வசதி வாரியம் அமைத்த அண்ணா நகர், கலைஞர் கருணாநிதி நகர் போன்ற பகுதிகளில் எல்.ஐ.ஜி., எம்.ஐ.ஜி., எச்.ஐ.ஜி. என்று வருமானத்துக்கேற்ற மூன்று விதமான வீடுகள் இருந்தன. பெயர்கள் கொஞ்சம் உறுத்தத்தான் செய்தன. ஆனால் அதிகாரி வீடும் குமாஸ்தா வீடும் மெக்கானிக் வீடும் நடந்து போகும் தூரத்தில் இருந்தன. ஒரே பஸ்ஸுக்கு நின்றார்கள். ஒரே கோயிலில் சுண்டலுக்குக் கை நீட்டினார்கள். நன்றாகப் படிக்கும் பையன் எந்த வீட்டில் இருந்தாலும், 'கல்லூரியில் எப்படிச் சேருவது?' என்று கேட்க இரண்டு தெரு தள்ளி ஒரு மாமா இருந்தார்.

மறுபக்கம், நகருக்குள்ளிருந்த குடிசைப் பகுதி மக்களைக் கொண்டுபோய்க் குடியமர்த்திய கண்ணகி நகர். 2000-ல் தொடங்கிய குடியிருப்பு, 15,000-க்கு மேற்பட்ட வீடுகள், எல்லாம் சிறியவை. அதற்குப் பின் பெரும்பாக்கத்திலும் இதே முறையில் ஆயிரக்கணக்கில் கட்டினார்கள். ஏழைகளை ஏழைகளோடு மட்டும் வைத்ததன் விலையை அங்கே வளர்ந்த இளைஞர்கள் கொடுக்க நேர்ந்தது. படித்துப் பட்டம் பெற்றவர்களும், விலாசத்தைச் சொன்னால் வேலை கிடைப்பதில்லை என்று குறைப்பட்டுக்கொண்டார்கள். வீட்டில் குற்றமில்லை, குடியிருந்தவர்களிடமும் குற்றமில்லை. ஒரே அளவை இத்தனை ஆயிரம் தடவை அடுக்கிய கணக்கில்தான் குற்றம்.

மூன்று படுக்கையறை வீடுகள் மட்டுமே உள்ள பணக்காரக் கட்டடங்களுக்கும் இது பொருந்தும். அங்கே சமையல் செய்கிற அம்மாளும், கார் ஓட்டுகிறவரும், குழந்தைக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் இளம் ஆசிரியையும் எங்கிருந்து வருகிறார்கள்? இரண்டு பஸ் மாறி வருகிறார்கள். அந்தக் கட்டடத்தில் பிறந்த பெண் கல்யாணமானபின் அம்மாவுக்கு அருகில் சிறிய வீடு தேடினால், அவளுக்கும் கிடைப்பதில்லை.

சரி, என் நண்பரின் கதைக்கு வருகிறேன். அவர் இப்போது அந்த வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, தாம்பரம் பக்கம் ஒரு பழைய நான்கு மாடிக் கட்டடத்தில் குடியேறியிருக்கிறார். லிஃப்ட் அடிக்கடி நின்றுவிடும். பளிங்குத் தரை கிடையாது. ஆனால் மாடிக்கு ஒன்றாகச் சிறிய வீடும் பெரிய வீடும் இருக்கின்றன. கீழ் வீட்டில் ஓய்வுபெற்ற தபால் அதிகாரி. எதிர் வீட்டில் இரட்டைக் குழந்தைகள். மேலே நான்கு நர்ஸுகள் சேர்ந்து குடியிருக்கிறார்கள்.

போன வாரம் டெலிபோனில் பேசினேன். தாயார் கும்பகோணத்திலிருந்து வந்து மூன்று வாரமாகிறதாம். நர்ஸுப் பெண்களில் ஒருத்தி தினமும் வந்து ரத்த அழுத்தம் பார்த்துவிட்டுப் போகிறாளாம். கூலியாக அவளுக்கு ஒரு டம்ளர் காபி. பேச்சுக்கு நடுவில் ஒரே கூச்சல். "என்ன சத்தம்?" என்று கேட்டேன்.

"ஒன்றுமில்லை. எதிர் வீட்டு இரட்டையர்கள் அம்மாவின் மூக்குக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டார்கள். அம்மா துரத்திக்கொண்டிருக்கிறாள்" என்றார் நண்பர்.

"ஊரில் துளசிச் செடி என்ன ஆயிற்று?"

"அதையும் தொட்டியோடு கொண்டுவந்துவிட்டாள்!"